அண்ணனுக்கு, அந்தக் கல்வெட்டைப் பற்றி

அன்புள்ள அண்ணா,

தாத்தாவுக்கு வைக்கப்போகும் கல்வெட்டுக்கு நீ எழுதி அனுப்பிய வாசகத்துக்கு என் சம்மதம் இல்லை. தாத்தாவின் படத்தையும் தரப்போவதில்லை. பதில் சொல்லாமல் இத்தனை நாள் இழுத்ததற்கு மன்னித்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ சத்தம் போடுவாய், நான் அழுவேன், கடைசியில் "உன் இஷ்டப்படி செய்" என்று வைத்துவிடுவேன். அறுபதைத் தாண்டியும் நமக்குள் அதுதானே நடக்கிறது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுகிறாயே என்று கேட்காதே. திறப்பு விழா அழைப்பிதழ் குடும்பத்தாருக்கு வருவதற்கு முன்பே ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. என்னிடம் அதைக் காட்டியவர் நமக்குச் சொந்தக்காரர்கூட இல்லை.

ஏன் இந்த வருடம், ஏன் அந்த இடம், யார் கையால் திறப்பு என்பதற்குள் நான் போகவில்லை. இதைப் படிப்பவர்களில் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசிக்கொள்வதே போதும்.

"ராஜாஜியுடன் நடந்து, வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை சென்ற தியாகி." ஒரே வரியில் மூன்று பொய். உனக்குத் தெரியாமல் இல்லை. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து 1930 ஏப்ரல் 13 அன்று புறப்பட்டவர்கள் சுமார் நூறு பேர். வழியில் விரும்பியவர்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும் ஊர்வலமாக அதை ராஜாஜி நடத்தவில்லை. ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஏறத்தாழ 150 மைல் நடந்து அவர்கள் 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அந்த நாட்களில் தாத்தா ஊரை விட்டு நகரவில்லை. ஊர் வரி வசூலுக்குப் பொறுப்பான பட்டாமணியம் எங்கே நகர்வார்? வசூல் கணக்கும் தாலுகா ஆபீஸ் தபாலும் அவரை நம்பி இருந்தன.

கல்லில் "பட்டாமணியம்" என்ற சொல்லையே நீ விட்டுவிட்டாய். ஏன் என்று எனக்குப் புரிகிறது. வெள்ளைக்காரன் கொடுத்த சம்பளத்தை வாங்கியவர் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். வாங்கினார். சம்பளம் மட்டுமா? தஞ்சாவூர் கலெக்டர் தார்னின் உத்தரவு வந்தபோது நம் ஊர்த் தெருக்களில் தண்டோரா போடச் சொன்னதும் அவர்தான். இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் நிறைய யோசித்தேன். எழுதாமல் விட்டால் மற்றது எதுவும் விளங்காது.

தார்ன் நடந்து வந்தவர்களைத் தொடவில்லை. அவர்கள் இன்னும் சட்டத்தை மீறவில்லையே. உப்பளம் இருந்தது வழியின் கடைசியில். அதனால் அவர் வேறு கணக்குப் போட்டார். இந்தத் தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுக்கிறவர்களுக்கும் இந்திய தண்டனைச் சட்டம் 157ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று மாவட்டம் முழுக்க எச்சரித்தார். நூறு பேர் சித்திரை வெயிலில் வெறும் வயிற்றோடு எத்தனை நாள் நடப்பார்கள்? கைது செய்யாமல், அடிக்காமல், பசியாலேயே ஊர்வலம் கரைந்துவிடும். ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் நல்ல யோசனைதான்.

அது அவருக்கு வினையாக முடிந்தது. உப்பு வரி அநியாயம், சுயராஜ்யம் வேண்டும் என்றெல்லாம் ஆண்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்படிக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. வழிப்போக்கனுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று கலெக்டர் சொன்ன அன்றைக்குத்தான் வந்தது. அப்பாயிக்குச் சுயராஜ்யம் என்றால் என்னவென்று தெரியாது என்று நீ மேடையில் சொல்லிச் சிரிக்கிறாய். தெரியாமல் இருந்திருக்கலாம். பசித்து வருகிறவன் இலையில் கை வைக்கக் கலெக்டருக்கு உரிமை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கும்பகோணத்தில் தொண்டர்களுக்கு விருந்து வைத்த பந்துலு ஐயரைக் கைது செய்தார்கள் என்ற செய்தி பரவிய பிறகும் சோறு நிற்கவில்லை. போட்டது யார் என்று தெரிந்தால்தானே பிடிக்க முடியும்? யார் போட்டார்கள் என்று தெரியாதபடி சாலையோர மரக்கிளைகளில் பொட்டலங்கள் தொங்கின.

இதுவரை எழுதியது மற்றவர்களுக்காக. இனி எழுதுவது உனக்காக. அந்தச் சாயங்காலத்தில் நீ பாதிதான் இருந்தாய்.

சுதந்திர வெள்ளி விழா வருடம். எங்கு பார்த்தாலும் தியாகிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் தாமிரப் பத்திரம் பற்றிய பேச்சு. தோல் பையோடு ஒருவர் வந்தாரே, தியாகிகளுக்கு பென்ஷன் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு. நீ வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாய். நான் திண்ணையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சின்னப் பெண் என்பதால் யாரும் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை.

அவர் விவரம் சொன்னார். ஆறு மாதம் சிறையில் இருந்திருந்தால் மத்திய அரசு மாதம் 200 ரூபாய் தருகிறது. தாத்தா நாம் எதுவும் இருந்ததில்லையே என்றார். அதற்கென்ன, சிறைப் பதிவேடு கிடைக்காதவர்களுக்குக் கூட இருந்த கைதிகள் சான்று கொடுத்தால் போதும், அப்படிக் கொடுக்க ஆள் இருக்கிறது, நீங்கள் அந்தப் பகுதிக்காரர், வயதும் சரியாக வருகிறது, 1930இல் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் எழுதிக்கொள்கிறேன் என்றார்.

தாத்தா வெகுநேரம் பேசவில்லை. அப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வந்தவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நான் ஒன்றையும் பார்க்கவில்லை" என்றார்.

"ஆபரேஷன் செய்துகொண்டால் சரியாகிவிடும் ஐயா" என்றார் அந்த மனிதர்.

கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாயி சிரித்தாள். அந்நிய ஆண் இருக்கும்போது அவள் குரல் வெளியே வந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்குச் சிரித்துவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நிலைப்படி வரை வந்து நின்றாள். "இதையேதான் அன்றைக்கு சப்-இன்ஸ்பெக்டரிடமும் சொன்னார். அப்போது கண் நன்றாகத்தான் தெரிந்தது" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். தாத்தா தடுக்கவில்லை. மத்தியானம் தண்டோரா. ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு அவள் அடுப்பை மறுபடி மூட்டினாள். வெயிலுக்குத் தயிர்ச்சோறு தாங்காது என்று புளிச்சோறு. வாழை இலையில் கட்டி நாரால் முடிந்து, கூடையில் அடுக்கி, கொல்லைப்புறம் வைத்தாள். சாலைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் கட்டியது வேறு ஆள். தாத்தா கூடத்தில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். நடு ராத்திரியில் எண்ணெய் காயும் வாசனைக்கு எழாத மனிதர் உண்டா? எழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் வந்து, உங்கள் ஊர் எல்லையில்தான் பொட்டலம் தொங்கியதாமே என்று கேட்டதற்கு, நான் ஒன்றையும் பார்க்கவில்லை என்றார். எழுதியும் கொடுத்தார்.

"அவர்கள் சாப்பிட்டார்களா?" என்று நான் தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"யார் கண்டது? விடியும்போது மரம் காலி."

"குரங்கு தின்றிருக்கும்" என்றார் தாத்தா. அப்பாயி மறுபடி சிரித்தாள்.

வந்தவர் பையை மூடினார். இதற்கெல்லாம் பாரத்தில் இடமில்லை அம்மா என்றார். "நான் கேட்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டு அப்பாயி மோர் எடுத்துவர உள்ளே போனாள். நீ அந்த நேரத்தில்தான் கையைத் துடைத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தாய். "ராஜாஜி" என்ற பெயர் மட்டும் உன் காதில் விழுந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீ இந்தக் கல் வரைக்கும் வந்துவிட்டாய்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் இதை எழுதும்போது அந்தச் சைக்கிள்தான் கண்ணில் நிற்கிறது. அதன் பின்சீட்டில் உட்கார்ந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். மழையில் வாய்க்கால் கரை வழுக்கும் இடத்தில் நீ இறங்கி, என்னை மட்டும் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போவாய். அப்பா போன பிறகு என்னைக் கல்லூரியில் சேர்க்க யாரிடம் கடன் வாங்கினாய், எப்படி அடைத்தாய் என்று எனக்குத் தெரியும். நீ இல்லையென்றால் இந்தக் கடிதத்தை எழுதும் படிப்பு எனக்கு இருந்திருக்காது. அதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை நீ அடைத்துவந்ததும் உண்மைதான். நிலம் பிரிக்கும்போது, அம்மாவின் நகை விஷயத்தில்... வேண்டாம். அது கல்வெட்டைச் சேர்ந்தது இல்லை.

உன் மகனுக்கு ஒரு வார்த்தை. அவன் என் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தலைவர்கள் எல்லாம் சும்மா பெயர்கள், சுதந்திரம் வாங்கியது சாதாரண மக்கள்தான் என்று குடும்பக் குழுவில் எழுதியிருந்தான். தம்பி, உன் அத்தை அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ராஜாஜியோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. 1942இல் ஊரே சிறைக்குப் போனபோது அவர் காங்கிரஸை விட்டு விலகி நின்றார். அதற்குப் பிறகு செய்ததைப் பற்றிப் பேச இன்னொரு கடிதம் வேண்டும். ஆனாலும் அந்த நடையை யோசித்தது அவர்தான். கடல் எங்கே இல்லை? சென்னையிலேயே இருக்கிறது. ஒரு நாள் ரயிலில் போய் உப்பை அள்ளிவிட்டுக் கைதாகியிருக்கலாம். அப்படி அள்ளியிருந்தால் நம் ஊருக்கு அது பத்திரிகைச் செய்தி, அவ்வளவுதான். வேதாரண்யத்தில் உப்பு வியாபாரம் செய்துவந்த வேதரத்தினம் பிள்ளை பக்கத்துணையாக இருந்தார். அங்கே போவதற்குக் காவிரிக் கரையின் ஊர் ஊராக நடந்தே போவது என்று முடிவு செய்ததில்தான் ராஜாஜியின் கூர்மை இருக்கிறது. தங்கிய இடங்களில் கதரைப் பற்றியும் தீண்டாமையைப் பற்றியும் பேசினார்கள். எங்கோ தூரத்தில் நடந்த சண்டை வீட்டு வாசலுக்கு வந்து நின்று, நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டது. காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்ததும் இதற்காகத்தான். இந்த நூறு பேர் அந்தச் சாலையில் வந்திருக்காவிட்டால் அப்பாயி யாருக்குப் பொட்டலம் கட்டியிருப்பாள்?

அதேபோல, பொட்டலம் தொங்கியிருக்காவிட்டால் ராஜாஜி எங்கே போயிருப்பார்? பாதி வழியில் படுத்திருப்பார். ஏப்ரல் 30 விடியற்காலையில் உப்பை அள்ளியதற்காக அவருக்கு ஆறு மாதம் விதித்தார்கள். அடுத்தடுத்து உள்ளே போனவர்கள் பலர். வேதரத்தினம் பிள்ளையின் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். ருக்மணி லட்சுமிபதி சிறைக்குப் போனார். சென்னை மாகாணத்தில் உப்புக்காகச் சிறை சென்ற முதல் பெண். வேதாரண்யத்தில் சவரத் தொழிலாளி வைரப்பன், போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று சபதம் எடுத்திருந்தார். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவன் போலீஸ்காரன் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குச் சிறை. கத்தியை வைத்த அந்தக் கைக்கும் உப்பை அள்ளிய கைக்கும் நடுவே எது பெரியது என்று நீயும் உன் மகனும் உட்கார்ந்து தராசு பிடியுங்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

தாத்தா அந்த வரிசையில் இல்லை. அதனால் அவர் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை அண்ணா. அரசாங்கம் என்றால் என்ன? கலெக்டரா? அவர் தஞ்சாவூரில் இருந்தார். நம் ஊரில் அரசாங்கம் என்பது தாத்தாவும் கணக்குப்பிள்ளையும் தலையாரியும்தான். அந்த மூன்று பேர் பார்க்கிற வரைக்கும்தான் அது இருந்தது. ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த ராத்திரியில் அது இல்லாமல் போயிற்று. மறுநாள் மறுபடி வந்துவிட்டது, உண்மைதான். தாத்தா மறுநாள் வசூலுக்குப் போனார். பின்னால் வேலையை ராஜினாமா செய்யவும் இல்லை. பயந்தார், குடும்பம் இருந்தது. அரசாங்கத்தின் மேல் ஆழ்ந்த பக்தி என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருள்பட தார்னே மேலிடத்துக்கு எழுதினார். அந்த வரியைப் படித்தபோது நான் ராஜாஜியை நினைக்கவில்லை. நம் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்த மனிதரைத்தான் நினைத்தேன். அவரைத் தியாகி ஆக்கினால் அந்த ராத்திரி அழிந்துவிடும். இது உனக்கு ஏன் புரியவில்லை?

இப்போது கூடையைச் சுமந்தவர்.

இந்த இடத்தில் நான் ஜாக்கிரதையாக எழுத வேண்டியிருக்கிறது. அவர் குடும்பம் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. நம் குடும்பமும் இருக்கிறது. மத்தியானம் தாத்தா சொல்லித் தெருத் தெருவாகத் தண்டோரா போட்டவரும், ராத்திரி அப்பாயி சொல்லிக் கூடையைச் சுமந்தவரும் ஒரே ஆள்தான். சோறு போட்டால் ஜெயில் என்று தன் வாயால் ஊருக்குச் சொன்னவர், அந்தச் சோற்றைத் தன் தலையில் வைத்து நடந்தார். பிடிபட்டிருந்தால் தாத்தாவுக்கு வேலை போயிருக்கும். அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். சப்-இன்ஸ்பெக்டர் பட்டாமணியத்திடம் கேள்வி கேட்டார். அவரிடம் கேள்வியாகக் கேட்டிருக்க மாட்டார்.

அப்பாயி அவருக்கும் இலையில் சோறு வைத்தாள். கொல்லையில், மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில். இதையும் அன்று அவளே சொன்னாள், அதில் ஒரு குறை இருப்பதாக அவளுக்குத் தோன்றாமலே சொன்னாள். தொண்டர்கள் தீண்டாமை ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் போன சோறு அவர் கைபட்டுத்தான் போனது. அந்த ஒரு ராத்திரி யாரும் தீட்டு பார்க்கவில்லை. மறுநாள் பார்த்தார்கள். நான் அப்பாயியைக் குறைத்துப் பேசவில்லை. அவளை நினைக்காத நாள் எனக்கு இல்லை. ஆனால் அவளைப் பற்றிப் பேசும்போது கொல்லையை விட்டுவிட்டு அடுப்படியை மட்டும் பேச என்னால் முடியாது.

போன வருட விழாவில் நீ பேசிய ஒலிப்பதிவைக் கேட்டேன். அதில் பொட்டலங்களைத் தாத்தாவே கொண்டுபோய் மரத்தில் கட்டுகிறார்! கைதட்டல் வேறு. அவருக்கு மரம் ஏறத் தெரியாது அண்ணா. தென்னம்பிள்ளையில் ஏணி வைத்து ஏறவே பயப்படுவார். சாதாரண மக்களின் போராட்டம் என்று தொடங்கி, அந்த ஒரே சாதாரண மனிதரைக் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, அவர் செய்ததை எடுத்து நம் வீட்டு ஆள் தலையில் வைத்துவிட்டாய். வேண்டுமென்று செய்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

இத்தனை கடுமையாக எழுதியிருக்க வேண்டாம்தான். உனக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரியும். அண்ணியிடம் முதலில் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் இதை வெளியிடுகிறேன். கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செலவில் என் பங்கையும் தருகிறேன். மூன்று பெயர் போடு. பட்டாமணியம் என்ற சொல்லோடு தாத்தா பெயர், அப்பாயி பெயர், அவர் பெயர். மூன்றும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். யார் என்ன செய்தார்கள் என்பதைச் சுற்றி வளைக்காமல் எழுது. திறப்பதற்கு வருகிறவருக்கு அது பிடிக்காமல் போகலாம். பிடிக்காவிட்டால் வர வேண்டாம். படத்தை அன்றைக்கே தருகிறேன்.

அவர் பெயரைப் போட அவர்கள் வீட்டில் சம்மதம் கேட்க வேண்டும், நாமாகப் போட முடியாது. நான் அவர் பேரனிடம் பேசினேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது. நீ எதிர்பார்ப்பது மாதிரி இல்லை, நான் எதிர்பார்த்த மாதிரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன்னால் நான் நடக்கப் போய்விடுவேன். கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போடாதே.

உன் தங்கை